காலையில் கோபப்பட்டவர், மாலையில் திட்டு வாங்கியவர்

கேள்வி: சில வருடங்களாக சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். போன வாரம் ஒரு கார் என் கைப்பிடியை உரசுகிற மாதிரி முந்திக்கொண்டு போனது. அடுத்த சிக்னலில் அதைப் பிடித்துவிட்டேன். ஆத்திரத்தில் கார் கூரையில் ஓங்கித் தட்டினேன். ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, "ஓரமா போக வேண்டியதுதானே, ரோடு என்ன உன்னோடதா?" என்று கத்தினார். நானும் விடவில்லை. அன்று மாலை அந்தச் சாலைக்குப் பயந்து பிளாட்பாரத்தில் ஏறி ஓட்டி வந்தேன். முன்னால் போன ஒரு வயதான அம்மா எதிர்பாராமல் என் பக்கம் விலகினார். இடிக்கவில்லை, ஆனால் மயிரிழைதான். அவர் சுவரில் சாய்ந்து நடுங்கியபடி, "நடக்கிறதுக்குக்கூட இடம் விட மாட்டீங்களா?" என்று கேட்டார். வீட்டில் சொன்னால், கார் ஓட்டும் என் கணவர், "சைக்கிள்காரர்கள் எப்போதும் யாருக்கும் அடங்குவதில்லை" என்கிறார். நான் செய்ததில் எது சரி, எது தப்பு? தினமும் பயத்தோடும் கோபத்தோடும் ஓட்ட முடியவில்லை. சைக்கிளை விட்டுவிடலாமா?

பதில்: சைக்கிளை விட வேண்டாம். நீங்கள் விட்டால் அந்தச் சாலையில் ஒரு சைக்கிள் குறையும், மிச்சம் ஓட்டுகிறவர்களுக்கு ஆபத்து கூடும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் அதிகமாக இருக்கும் இடங்களில் ஒவ்வொருவருக்கும் வரும் ஆபத்து குறைவாக இருக்கிறது என்று ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் 2003-ல் பல ஊர்கள், நாடுகளின் கணக்கை வைத்துக் காட்டினார். அடிக்கடி பார்ப்பதற்கு ஏற்ப ஓட்டுநர்கள் தங்கள் ஓட்டும் முறையை மாற்றிக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

சாலைச் சந்திப்புகளை வடிவமைப்பதும், பஸ், லாரி ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. காரில் போகிறவர், சைக்கிளில் போகிறவர், நடந்து போகிறவர் என்று மூன்று தரப்பின் புகாரும் எனக்கு வரும், ஆனால் தனித்தனியாக வரும். உங்கள் கடிதத்தில் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காலையில் உங்களுக்கு வந்த பயம் நியாயமானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். ஆபத்து கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடியாவது ஆகும். அதே கார் 30 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால், அந்த ஒரு விநாடியில் 8 மீட்டர் சொச்சம் ஓடி, பிறகு பிரேக் பிடித்து, காய்ந்த சாலையில் சுமார் 13 மீட்டரில் நின்றே போயிருக்கும். மெதுவாக வந்த கார் நின்றுவிட்ட இடத்தில், வேகமாக வந்த காரின் பிரேக்கில் இன்னும் கால்கூடப் படவில்லை. அங்கே ஓர் ஆள் நின்றால், முதல் காரால் அவருக்கு ஒரு திடுக்கிடல். இரண்டாவது காரால் 50 கி.மீ. வேகத்து அடி முழுசாக.

மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 30-லிருந்து 50-க்குப் போனால் வேகம் இரண்டு மடங்குகூட ஆவதில்லை, ஆற்றலோ கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. அந்த வேகத்தில் போகும் ஒரு சாதாரணக் காரின் ஆற்றல், 20 கி.மீ. வேகத்தில் போகும் உங்களையும் உங்கள் சைக்கிளையும் சேர்த்த ஆற்றலைப் போல் சுமார் நூறு மடங்கு. "கொஞ்சம் பக்கத்துல போனேன், என்ன ஆகிடுச்சு" என்று கார் ஓட்டுபவர் நினைப்பதற்கும், உங்களுக்கு மணிக்கட்டு வரை நடுங்குவதற்கும் இந்த நூறுதான் காரணம்.

சரி, இப்போது அதே கணக்கை மாலைக்கும் போட வேண்டும். 20 கி.மீ. வேகத்தில் பிளாட்பாரத்தில் வந்த உங்கள் ஆற்றல், நடந்துபோன அந்த அம்மாவுடையதைப் போல் இருபது மடங்குக்கு மேல். அந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடைக்குத் திரும்பாமலே போகிறவர்கள் நிறையப் பேர். "சைக்கிள்தானே" என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை.

எது சரி, எது தப்பு என்று கேட்டீர்கள். எளிதில் அடிபடக்கூடியவர் யாரோ, அவரைக் காப்பாற்றும் பொறுப்பு மற்றவருக்கு. என் தொழிலில் இதைவிட நேர்மையான அளவுகோலை நான் பார்த்ததில்லை. பிரிட்டன் 2022 ஜனவரியில் தன் சாலை விதித் தொகுப்பில் இதை எழுத்திலேயே கொண்டுவந்தது. அதிகச் சேதம் செய்யக்கூடியவருக்கு அதிகப் பொறுப்பு என்று லாரியில் தொடங்கி கார், மோட்டார் சைக்கிள் என்று இறங்குகிறது அந்த வரிசை. நடப்பவரிடம் சைக்கிள் ஓட்டுபவருக்கு இருக்கும் பொறுப்பையும் அதே விதி சொல்கிறது. நீங்கள் வரிசையின் நடுவில் இருக்கிறீர்கள். மேலே இருப்பவரிடம் எதைக் கேட்கிறீர்களோ, அதைக் கீழே இருப்பவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

அந்தக் காரைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சைக்கிளை முந்தும்போது 1.5 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறது பிரிட்டனின் தொகுப்பு, வேகம் கூடினால் இன்னும் அதிகம். ஜெர்மனியில் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர். உங்கள் நாட்டில் இப்படி ஓர் எண் எழுதியிருக்கிறதோ இல்லையோ, தேவை ஒன்றுதான். காற்றடித்தால் சைக்கிள் ஆடும், குழியைக் கண்டால் விலகும். அந்த ஆட்டத்துக்கும் சேர்த்துத்தான் இந்த இடைவெளி.

கூரையில் தட்டியதை மட்டும் ஏற்க மாட்டேன். தட்டும்வரை பேச்சு உங்கள் உயிரைப் பற்றியதாக இருந்தது. தட்டிய பிறகு அவருடைய காரைப் பற்றியதாகிவிட்டது. அதைவிட முக்கியம், ஆத்திரத்தில் இருக்கும் ஒருவரின் காலடியில் ஆக்சிலரேட்டர் இருக்கிறது, பக்கத்தில் நீங்கள் இரண்டு சக்கரத்தில் நிற்கிறீர்கள். வாக்குவாதத்தில் யார் ஜெயித்தாலும் சிக்னல் பச்சையானதும் இருவரும் ஒரே பக்கம்தான் போக வேண்டும். அடுத்த முறை ஓரமாக நிறுத்தி, கை நடுக்கம் அடங்கும்வரை நில்லுங்கள். வண்டி எண், நேரம், இடம், எந்தத் திசை என்று குறித்துக்கொள்ளுங்கள், போலீசில் புகார் கொடுக்க அது போதும். பேசியே தீர வேண்டும் என்றால், "ரொம்பப் பக்கத்துல வந்துட்டீங்க, பயந்துட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறைய ஓட்டுநர்கள் அதைக் கேட்டு முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தாங்கள் செய்தது அவர்களுக்குத் தெரிந்தே இருக்காது.

தெரியாமல் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். எங்கள் பயிற்சியில் சைக்கிள் ஓட்டுபவர்களை நின்றுகொண்டிருக்கும் லாரியின் ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்கார வைப்போம். இன்னொருவர் சைக்கிளோடு லாரியின் முன் மூலையில், தூரப் பக்கத்துக் கதவுக்குக் கீழே போய் நிற்பார். "அவர் எங்கே?" என்று கேட்போம். மேலே இருப்பவர் ஒரு கண்ணாடியைப் பார்ப்பார், அடுத்ததைப் பார்ப்பார், எழுந்து எட்டிக்கூடப் பார்ப்பார். ஆள் கிடைக்க மாட்டார். இறங்கி வந்து பார்த்தால் கதவைத் தொடும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பார். அதற்கப்புறம் அவர்களில் யாரும், திரும்புவதற்காகக் காத்திருக்கும் லாரியின் ஓரமாக நுழைவதில்லை.

ஓட்டுநர்களுக்கு இதையே திருப்பிச் செய்வோம். ஸ்டாண்ட் போட்ட சைக்கிளில் அவர்களை உட்கார வைத்து, ஒரு மீட்டர் தள்ளி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போவோம். பஸ் வருவது முதலில் முதுகில்தான் தெரியும். பிறகு சட்டை படபடக்கும், விரல்கள் தானாகவே பிரேக்கை இறுக்கும். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர்கள் இறங்கி வந்து, "இவ்வளவு பக்கத்துலயா போச்சு?" என்று தரையில் டயர் தடத்தைத் தேடுவார்கள். கேபினில் உட்கார்ந்து பார்க்கும்போது அதே இடைவெளி அவர்களுக்குத் தாராளமாகத் தெரிந்திருக்கும்.

கண்ணிலும் கோளாறு இருக்கிறது. பார்வையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சட்டென்று வீசும்போது, இடையில் உள்ளதை மூளை பதிவு செய்வதில்லை. அந்த இடைவெளியில் ஒரு கார் கண்ணில் படாமல் போவது அரிது, ஒல்லியான சைக்கிள் சுலபமாகப் படாமல் போய்விடும். காரின் முன் கண்ணாடியைத் தாங்கும் தூணும் ஓர் ஆளை முழுசாக மறைக்கும். அதனால் சந்திப்பில் ஓட்டுநர் தலையை நிதானமாகத் திருப்பி இரண்டு தடவை பார்க்க வேண்டும். நீங்கள் பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு போங்கள். ஓட்டுநர் உங்கள் கண்ணைப் பார்த்துவிட்டார் என்று நம்பி நுழையாதீர்கள், அவருடைய முன் சக்கரத்தைப் பாருங்கள். கிளம்பப் போகிறாரா என்பதை அதுதான் முதலில் சொல்லும்.

அப்புறம், நீங்கள் சாலையின் விளிம்பை ஒட்டியே ஓட்டுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பயந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், ஆனால் அது ஆபத்தைக் கூட்டும். விளிம்பை ஒட்டிப் போனால் பின்னால் வருபவருக்கு, இடமில்லாத இடத்திலும் முந்தலாம் என்ற எண்ணம் வருகிறது. குப்பை, சாக்கடை மூடி, உடைந்த தார் எல்லாம் அங்கேதான். விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள். நிறுத்திவைத்த கார்களைக் கடக்கும்போது ஒரு கதவு முழுசாகத் திறந்தாலும் உங்களைத் தொடாத தூரம் வேண்டும். சாலை குறுகும் இடத்தில் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டுத் தடத்தின் நடுவுக்கே வந்துவிடுங்கள். அகலமானதும் ஒதுங்கி வழி விடுங்கள், கையைத் தூக்கி ஒரு நன்றியும் சொல்லுங்கள். பின்னால் பொறுமையாக வந்தவருக்கு அது போய்ச் சேரும்.

கதவு என்றதும் உங்கள் கணவருக்கு ஒன்று. காரிலிருந்து இறங்கும்போது, கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கையால் திறக்காமல் மறு கையால் திறக்கச் சொல்லுங்கள். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்பக்கம் போகும். சைக்கிள் வருவது தெரியும்.

இனி பிளாட்பாரம். அங்கே சைக்கிள் ஓட்டலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் எட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் நடைபாதையிலோ சாலையிலிருந்து பிரித்துக் கட்டிய சைக்கிள் பாதையிலோதான் ஓட்ட வேண்டும், பத்து வயது வரை நடைபாதையில் ஓட்டலாம். ஜப்பானில் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 70 வயதைத் தொட்டவர்களுக்கும் அனுமதி உண்டு, மற்றவர்கள் பொதுவாகச் சாலையில்தான் போக வேண்டும். உங்கள் ஊரில் சட்டம் அனுமதித்தாலும் என் கருத்து மாறாது. திடகாத்திரமாக இருக்கும் பெரியவர்கள் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சுற்றிலும் வண்டிகள் பறக்கும் ஓர் ஊரில், மனிதர்கள் மெய்மறந்து நடக்கக்கூடிய ஒரே துண்டு நிலம் அது. பேசிக்கொண்டே நடப்பார்கள், குழந்தை கையை உதறிவிட்டு ஓடும், எதையோ நினைத்துக்கொண்டு சட்டென்று திரும்புவார்கள். அங்கே அப்படி இருக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

அந்த அம்மா "எதிர்பாராமல் விலகினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் விலகவில்லை, நடந்தார். பின்னால் ஒரு வாகனம் வரும் என்று எதிர்பார்க்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. சைக்கிளுக்குச் சத்தமும் கிடையாது. 2021-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய மின்சாரக் கார்கள் எல்லாவற்றிலும் குறைந்த வேகத்தில் செயற்கையாக ஒலி எழுப்பும் கருவி கட்டாயம். பார்வையற்றவர்கள் வண்டி வருவதை அறிய வேண்டும் என்பது அதன் முக்கியக் காரணம். சைக்கிளில் அப்படி எதுவும் இல்லை. உங்கள் பெல்லும் வேகமும்தான் இருக்கின்றன. நடப்பவரும் சைக்கிளும் பகிர்ந்துகொள்ளும் பாதைகளில் நன்றாக முன்கூட்டியே ஒரு தடவை பெல் அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் ஆள் துள்ளி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போவார். காது கேட்காதவராகவும் இருக்கலாம், அதனால் அவர் ஒதுங்காவிட்டால் நடை வேகத்துக்கு வந்துவிடுங்கள். மறுபடி அந்த அம்மாவைப் பார்த்தால் நின்று மன்னிப்புக் கேளுங்கள். "ரோட்டில் கார்கள் அப்படி வருகின்றன, அதனால்தான்" என்ற விளக்கத்தைச் சேர்க்க வேண்டாம்.

உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். ஒரு கார் சிவப்பு விளக்கைத் தாண்டினால், "அந்த ஆள் மோசம்" என்கிறோம். ஒரு சைக்கிள் தாண்டினால், "சைக்கிள்காரர்களே இப்படித்தான்" என்கிறோம். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் எங்கேயும் இப்படித்தான் பார்க்கப்படுகிறார்கள். அதற்காகச் சிவப்பைத் தாண்டுவது சரியாகிவிடாது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982-லிருந்து, "நில்" பலகை உள்ள இடத்தில் சைக்கிள் வேகத்தைக் குறைத்து, பார்த்து, வழி விட்டுப் போகலாம் என்று சட்டமே இருக்கிறது. வேறு சில மாநிலங்களும் அதைப் பின்பற்றியிருக்கின்றன. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் நில்லுங்கள். நீங்கள் சிவப்பில் நுழையும்போது, தன் பச்சையை நம்பிக் குறுக்கே கால் வைப்பவர் நடந்துபோகிறவர்.

வீட்டில் வாதாடுவதற்குப் பதிலாக, ஒரு விடுமுறை நாள் காலையில் அதே சாலையில் சைக்கிளில் உங்கள் பின்னால் வரச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு மழை இரவில் அவர் காரில் முன்னால் உட்கார்ந்து, விளக்கில்லாமல் வரும் சைக்கிள் எந்தத் தூரத்தில் கண்ணில் படுகிறது என்று பாருங்கள். இரண்டு பேருக்கும் அது தேவை.

இதையெல்லாம் நீங்களும் அந்தக் கார்க்காரரும் அந்த அம்மாவும் ஒழுங்காகச் செய்தாலும், அந்தச் சாலை அப்படியே இருந்தால் சண்டை தொடரும். இதைத்தான் நான் அடித்துச் சொல்ல விரும்புகிறேன். மோட்டார் வாகனங்கள் வேகமாக ஓடும் ஒரு சாலையில், ஒதுக்கிய இடம் எதுவும் இல்லாமல் உங்களை விட்டார்கள். நீங்கள் பயந்து பிளாட்பாரத்தில் ஏறினீர்கள், பயம் அந்த அம்மாவுக்குப் போனது. இந்த மூவரில் யாரும் அந்தச் சாலையை வரையவில்லை.

நெதர்லாந்து இப்போது சைக்கிள் நாடு என்று பெயர் வாங்கியிருக்கிறது. 1971-ல் அங்கே சாலை விபத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்பதையே தங்கள் இயக்கத்தின் பெயராக வைத்தார்கள். 1973-ல் வந்த எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அதற்குப் பிந்தைய வருடங்களில் அரசின் போக்கு மாறியது. இன்று அங்கே பின்பற்றும் கொள்கை சுருக்கமானது: வேகத்திலும் எடையிலும் பெரிய வித்தியாசம் உள்ளவர்களைப் பிரித்துவை, பிரிக்க முடியாத தெருவில் வேகத்தை 30-க்கு இறக்கு. ஸ்பெயின் 2021 மே மாதத்திலிருந்து, திசைக்கு ஒரே தடம் உள்ள ஊர்த் தெருக்களில் 30-ஐ உச்ச வேகமாக்கிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஊர் நிர்வாகத்திடம் வெறுமனே "சைக்கிள் பாதை வேண்டும்" என்று கேட்டால், நடைபாதையின் நடுவே ஒரு கோடு போட்டு, பாதியில் சைக்கிள் படம் வரைந்து கொடுத்துவிடுவார்கள். அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். காரிடமிருந்து ஒரு அடிகூட வாங்காமல் நடப்பவரிடமிருந்து பிடுங்கிக் கொடுப்பது அது. கோல் ஊன்றி நடக்கும் பார்வையற்றவருக்கு அந்தக் கோடு இருப்பதே தெரியாது. நிறுத்திவைத்த கார்களின் கதவு வீச்சுக்குள் வரையும் சைக்கிள் தடமும் அப்படித்தான். பெயின்ட் யாரையும் காப்பாற்றாது.

குறிப்பான இடத்தைச் சொல்லி, குறிப்பான மாற்றத்தைக் கேளுங்கள். சந்திப்பின் மூலை அகலமாக வளைந்திருந்தால் கார்கள் வேகத்தைக் குறைக்காமலே திரும்பும், அந்த வளைவை இறுக்கச் சொல்லுங்கள். நடப்பவர் கடக்கும் இடத்தை நடைபாதை உயரத்துக்கு மேடாக்கச் சொல்லுங்கள். வாகனங்களுக்குப் பச்சை விழுவதற்குச் சில விநாடி முன்பே நடப்பவருக்குப் பச்சை காட்டச் சொல்லுங்கள். ஓட்டுநர் கிளம்புவதற்குள் அவர்கள் சாலையின் நடுவில் நன்றாகக் கண்ணில் படுவார்கள், செலவும் அதிகமில்லை. சைக்கிள் தடத்துக்கு இடமில்லை என்றால், ஒரு பக்கம் கார் நிறுத்துவதை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்களைத் தேதி, நேரத்தோடு எழுதி, படம் எடுத்து இணையுங்கள். கார் வைத்திருப்பவர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். அது இல்லாத மனுவை சைக்கிள்காரர்களின் ஆசை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அங்கே வாகன வேகத்தை அளந்து பார்க்கவும் கேளுங்கள். நெரிசல் நேரத்தில் மட்டும் அளந்தால் எல்லோரும் ஊர்ந்துதான் போவார்கள், பிரச்சினை இல்லை என்று அறிக்கை வந்துவிடும். அதிகாலையிலும், பள்ளி விட்ட பிறகும், இரவு ஒன்பது மணிக்கு மேலும் அளக்க வேண்டும் என்று மனுவிலேயே நேரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.